டீஸல் வடிகட்டியை விவசாயியே மாற்றும் முறை

தண்ணீர் இறைக்கும் டீஸல் எஞ்சின், வேலை மிகுந்த காலம் பார்த்தே நின்றுவிடுகின்றது என்று விவசாயிகள் குறைகூறுவது வழக்கம். இதில் விந்தை ஒன்றுமில்லை. இரவும் பகலும் ஓடும் காலத்தில் டீஸல் மிகுதியாகச் செலவாகின்றது. அதனுடன் கலந்துவரும் தூசியும் நீரும் மிகுதியாகவே உட்செல்லுகின்றன. அவற்றைத் தடுத்து நிறுத்துவது வடிகட்டி என்னும் சிறு உறுப்பு. வேண்டும் காலத்தில் அதை மாற்றாவிடின், கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் வயலுக்குத் தண்ணீர் இல்லாமற் போகின்றது. அப்போது ஏற்படும் நஷ்டத்தை எந்த மெக்கானிக்காலும் ஈடுசெய்ய இயலாது.

மின்சார இணைப்பில்லாத கிணறுகளிலும், வாய்க்காலிலிருந்து நீர் இறைக்கும் இடங்களிலும் இன்னும் இவ்வெஞ்சின்களே கைகொடுக்கின்றன. வடிகட்டியை மாற்றுவது அரைமணி நேர வேலை. இதற்கு விசேஷ ஆயுதங்கள் வேண்டா. சுத்தமும் பொறுமையுமே வேண்டும்.

வடிகட்டியின் அவசியம்

டீஸல் எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் பிளக் கிடையாது. உருளையினுள் காற்று மிகுதியாக அழுத்தப்பட்டுச் சூடேறுகின்றது. அச்சூட்டில் டீஸல் நுண்துளி மழைபோல் பீச்சப்பட்டுத் தானே பற்றிக்கொள்ளுகின்றது. ருடால்ப் டீஸல் என்பவர் 1897-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இவ்வகை எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அக்காலத்தில் எண்ணெயை உள்ளே செலுத்துவதற்குத் தனியே அழுத்தக் காற்று வேண்டியிருந்தது. ராபர்ட் பாஷ் கம்பெனியார் 1927-இல் தொகுதியாகச் செய்யத் தொடங்கிய நுண்ணிய பம்பு பரவியபின்பே, சிறு எஞ்சின்கள் வயலுக்கு வருவது எளிதாயிற்று.

சாதாரணப் பம்புசெட்டு எஞ்சினில் இப்பம்பு, ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோகிராம் அழுத்தத்தில் டீஸலைத் தள்ளுகின்றது. இது கார் சக்கரத்திலுள்ள காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய நூறு மடங்காகும். இவ்வளவு அழுத்தத்தில் டீஸல் பின்னோக்கிக் கசியாதிருக்க, பம்பின் தண்டுக்கும் அதன் குழலுக்கும் இடையே 2 அல்லது 3 மைக்ரான் இடைவெளியே விடப்பட்டிருக்கின்றது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமயிரோ சுமார் 70 மைக்ரான் பருமனுள்ளது. கண்ணுக்குத் தெரியாத மணல்துகளும் அவ்விடத்தில் அரம்போல் அராவிவிடும். நீர் சேர்ந்தால் துருப்பிடிக்கும்.

சென்ற சம்பாப் பருவத்தில் ஒரு கிராமத்தில் நடந்ததை இங்கே கூறுவது பொருத்தமாகும். எஞ்சின் வலுவிழந்தது கண்ட ஒரு விவசாயி, புதிய வடிகட்டி கைவசமில்லாமையால் பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கப்பை மாட்டி ஓட்டினார். எஞ்சின் முன்னிலும் விசையாக ஓடிற்று; ஆகவே வடிகட்டியே தேவையில்லை என்று எண்ணினார். சில வாரங்களில் எஞ்சினைக் கிளப்புவது கடினமாயிற்று. பின்னர் அடியோடு நின்றுவிட்டது. பம்பின் தண்டு முழுவதும் கீறல் விழுந்திருந்தது. அது பட்டணம் சென்று பழுதுபார்க்கப்பட்டுத் திரும்புமுன், பயிர் ஒரு தண்ணீரை இழந்தது. வடிகட்டியின்றி எஞ்சின் நன்றாக ஓடுவதுபோல் தோன்றுவதே இதிலுள்ள அபாயம்.

மாற்றவேண்டிய காலம்

எஞ்சினுடன் கொடுக்கப்படும் புத்தகத்தில் கூறிய மணிக்கணக்கே பிரமாணம். நாள்தோறும் எட்டுமணி நேரம் ஓடும் எஞ்சின் ஒரு மாதத்தில் சுமார் 240 மணி ஓடிவிடுகின்றது. ஆதலால் ‘ஆண்டுக்கு ஒருமுறை’ என்று கணக்கிடுவது தவறு. ஓடிய மணியைக் குறித்துவைத்துக் கணக்கிடவேண்டும்.

வடிகட்டி அடைபட்டதற்கு அறிகுறிகள் சில உள. வெறுமனே ஓடும்போது சரியாக ஓடி, நீர் இறைக்கும்போது எஞ்சின் தளரும். விசை ஏறியும் இறங்கியும் ஓடும். சற்றுநேரம் ஓடி நின்று, ஓய்வுக்குப்பின் மறுபடியும் கிளம்பும். கரும்புகை மிகுதியாக வருமாயின் டீஸல் வடிகட்டியைக் குறைகூறலாகாது. காற்று வடிகட்டி அடைபட்டதா, இன்ஜெக்டர் நாஸில் கெட்டதா என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

மாற்றும் முறை

1. எஞ்சினை நிறுத்தி நன்றாக ஆறவிடுக. பீடி, விளக்கு முதலியவற்றை அருகில் கொண்டுவரலாகாது.

2. டாங்கியின் அடியிலுள்ள குழாயை மூடுக. வடிகட்டியின் வெளிப்புறத்தையும் சுற்றுப்புறத்தையும் முதலிலேயே துடைத்துவிடுக. இதைச் செய்யாது திறந்தால், வெளியிலுள்ள மண் உள்ளே விழும்.

3. கீழே ஒரு பாத்திரம் வைத்து, கப்பின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி டீஸலை வடியவிடுக. அடியில் முத்து முத்தாக நீர் தெரிந்தால், டாங்கியிலும் நீர் தங்கியிருக்கின்றது என்று அறிக.

4. கப்பை ஒரு கையால் தாங்கிக்கொண்டு நடுப் போல்ட்டைக் கழற்றுக. பழைய வடிகட்டியையும் ரப்பர் வளையங்களையும் எடுத்துவிடுக. பழைய வளையம் மேல்மூடியின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு. அதன்மேல் புதியதை வைத்தால் கட்டாயம் ஒழுகும்.

5. கப்பைச் சுத்தமான டீஸலால் கழுவுக. நூல் உதிரும் துணியையும் பஞ்சையும் உட்புறம் துடைக்க உபயோகிக்கலாகாது.

6. புதிய வடிகட்டியின் உறையை மாட்டும் தருணத்தில் பிரிப்பதே நலம். புதிய வளையங்களுக்குச் சிறிது டீஸல் தடவிப் பொருத்தி, போல்ட்டை அளவாக முடுக்குக. அளவுக்கு மீறி முடுக்கினால் மரை கெடும்.

டப்பா வடிவில் முழுவதுமாக மாற்றப்படும் வடிகட்டியாயின், ரப்பர் வளையம் தொடும்வரை கையால் திருகி, அதன்மேல் அரைச்சுற்று முதல் முக்காற்சுற்று வரை முடுக்கினால் போதும். காகித வடிகட்டியைக் கழுவி மறுபடியும் போடுவது சிக்கனமன்று. கழுவுவதால் காகிதம் கிழியும்; வெளிப்புறத்து அழுக்கு உட்புறம் சேரும்.

காற்றை வெளியேற்றுதல்

வடிகட்டியை மாற்றியவர்களிற் பலர் தடுமாறுவது இவ்விடத்தில்தான். வழியில் காற்று தங்கியிருந்தால், பம்பு டீஸலைத் தள்ளாமல் காற்றையே அழுத்திக்கொண்டிருக்கும், எஞ்சின் கிளம்பாது. இதையே ‘ஏர் லாக்’ என்கின்றோம்.

டாங்கிக் குழாயைத் திறந்து, வடிகட்டியின் தலையிலுள்ள ஏர் ஸ்க்ரூவைச் சற்றே தளர்த்துக. டிராக்டராயின் கைப்பம்பை அடித்தல் வேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழியின்றி ஒரே தாரையாக வந்ததும் முடுக்குக. அடுத்து இன்ஜெக்ஷன் பம்பிலுள்ள ஏர் ஸ்க்ரூவிலும் இவ்வாறே செய்க. இவ்வரிசையை மாற்றலாகாது, டாங்கியிலிருந்து எஞ்சினை நோக்கியே செல்லவேண்டும். இவ்வளவில் எஞ்சின் பெரும்பாலும் கிளம்பிவிடும். கிளம்பியபின் ஒவ்வோர் இணைப்பையும் பார்த்துக் கசிவு இல்லையென்று உறுதி செய்துகொள்க.

எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாயின் கசிவைக் கைவிரலால் தடவிப் பார்ப்பது மிகவும் அபாயகரமானது. அவ்வழுத்தத்தில் பீச்சும் டீஸல் தோலைத் துளைத்து உட்சென்றுவிடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தோன்றினும், காலதாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரலாம். கசிவைக் காண ஓர் அட்டைத் துண்டைக் காட்டுக.

இம்முறை பொருந்தாத எஞ்சின்கள்

மேற்கூறிய முறை பழைய அமைப்புள்ள பம்புசெட்டு எஞ்சின்களுக்கும் டிராக்டர்களுக்குமே உரியது. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாடு 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தபின், ‘காமன் ரெயில்’ அமைப்பு அவற்றிற் பரவியுள்ளது. இன்றைய டீஸல் கார்களிலும் அதுவே உள்ளது. அவற்றில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோகிராமுக்கும் மேல் செல்லும். அவற்றின் உயரழுத்தக் குழாய்களை எக்காரணத்தாலும் தளர்த்தலாகாது. கம்பெனிப் புத்தகத்தின்படியே நடத்தல் வேண்டும்.

பெட்ரோல் காரில், எஞ்சினை நிறுத்தியபின்னும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். மேலும் பெட்ரோலின் ஆவி எளிதில் பற்றிக்கொள்ளும். புதிய கார்கள் பலவற்றில் வடிகட்டி டாங்கியினுள் பம்புடனேயே அமைந்துள்ளது. ஆதலால் டீஸல் எஞ்சினில் பழகிய கை என்று துணிந்து அதில் இறங்கலாகாது.

டீஸலைச் சுத்தமாக வைத்தல்

வடிகட்டியின் ஆயுள் டீஸலின் சுத்தத்தைப் பொறுத்தது. மாலையில் வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பிவைப்பது நல்ல பழக்கம். பாதி காலியான டாங்கியில் இரவுக் குளிரால் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும். நீர் டீஸலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். பீப்பாயை உருட்டிவந்த உடனே டீஸல் எடுக்காமல் ஒருநாள் தெளியவிடுக. கடைசி அங்குலத்தை எஞ்சினுக்கு ஊற்றலாகாது. துத்தநாகம் பூசிய வாளிகளில் டீஸலைச் சேமித்தல் ஆகாது. துத்தநாகம் டீஸலுடன் சேர்ந்து வடிகட்டியை அடைக்கும் பசையை உண்டாக்கும். மண்ணெண்ணெய் கலப்பதால் பம்பிற்கு வேண்டிய வழவழப்புக் குறைந்து தேய்மானம் மிகும்.

கிராம அதிகாரிகளுக்கு

கூட்டுறவுச் சங்கங்களிலும் வாடகை நிலையங்களிலும் உள்ள எஞ்சின்கள் பலர் கைக்கு மாறுவதால், அவற்றைக் கவனிப்பார் இல்லாமற் போகின்றது. ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஓடிய மணியையும் வடிகட்டி மாற்றிய தேதியையும் எழுதச் செய்தல் நலம். ஒரு வடிகட்டியும் ஒரு ஜோடி வளையங்களும் எப்போதும் கைவசம் இருத்தல் வேண்டும். வடித்த அழுக்கு டீஸலைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டாதபடி பார்த்துக்கொள்வதும் அவர்கள் பொறுப்பாகும்.

நாற்று விடும்போதே வடிகட்டியையும் வாங்கி வைத்துக்கொள்ளுதல் நலம். விதையும் உரமும் போல இதுவும் சாகுபடிச் செலவில் ஓர் இனமே என்று கருதி, பருவத்தின் முதல் நீர் இறைக்குமுன் மாற்றிவிடுவார்களாயின், நெருக்கடியான நாளில் எஞ்சினுக்காகக் காத்திருக்கும் துன்பம் பெரும்பாலும் நீங்கும்.