உங்களுக்குத் தெரியுமா? கோயில் சுவரில் உழவர் பட்ட பாடு

கெடிலக் கரையில் திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயிலில் உள்ள கல்வெட்டு ஒன்றை, சோழ மன்னன் சிறைமீண்ட கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். 1231 வாக்கில் மூன்றாம் இராசராசனைக் காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான்; போசள மன்னன் இரண்டாம் நரசிம்மனின் தண்டநாயகர்கள் அப்பணனும் சமுத்திர கொப்பையனும் சோழனை மீட்டனர். ஆனால் அக்கல்வெட்டு இப்பகுதிக் குடியானவர்களின் வரலாறும்கூட. வழியில் தில்லைப் பொன்னம்பலத்தை வணங்கிய அதே போசளப் படைதான் திருவதிகை உள்ளிட்ட ஊர்களை அழித்தது. சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கடலோரம் வரை ஊர்களை எரித்தது, பெண்களைப் பிடித்தது, கொள்ளையிட்டது என்று கல்வெட்டே சொல்கிறது.

வென்றவர்கள் தம் பெருமைக்காகக் கூட்டிச் சொன்னதாக இருக்கலாமே என்று கேட்கலாம். கூட்டியே சொல்லியிருந்தாலும், ஊரை எரிப்பதைக் கோயில் சுவரில் பொறிக்கத்தக்க வீரமாக அவர்கள் கருதியது பொய்யாகாது. ஊர்களை எரித்ததற்குக் காரணமும் உண்டு. அரசின் வருவாய் விளைநிலத்திலிருந்து வந்தது. ஊர்கள் அழிந்தால் கோட்டை தாங்காது. படை சேந்தமங்கலத்தை நெருங்கியதும் கோப்பெருஞ்சிங்கன் பணிந்துபோனான். சோழன், காடவன் இருவரும் உயிர்பிழைத்தார்கள். விலை கொடுத்தவர்கள் உழுதுண்டு வாழ்ந்த மக்கள். அவர்களில் ஒருவர் பெயரும் அந்தக் கல்லில் இல்லை. ஆகவே அதை அவர்களுக்காகவும் நாம் படிக்க வேண்டும்.