மணமேடையும் மாதத் தவணையும்

“கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார்” என்பது தமிழர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இரண்டும் பெரும் பொறுப்புகள். இரண்டுக்கும் பணம் வேண்டும். ஆனால், வீட்டுக்கு முன்பணமாகச் சேர்த்த தொகையைத் திருமணமே விழுங்கிவிடும் நிலையை இன்று பல குடும்பங்களில் காண்கிறோம். மலாக்கா மாநிலத் தமிழர்களும் இதற்கு விலக்கல்லர். இந்நிலை எவ்வாறு உருவானது என்பதை அறிந்தால்தான் அதற்குத் தீர்வு காண இயலும்.

மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் மலாக்காவில்தான் தோன்றியது. 1896ஆம் ஆண்டில் தான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. தமிழர் பலர் அவற்றில் பால்மரம் வெட்டிப் பிழைத்தனர். அக்காலத் தோட்டத் திருமணம் லயத்து வீடுகளின் வாசலிலோ தோட்டக் கோயிலிலோ நடைபெற்றது. ஆண்கள் மூங்கில் வெட்டிப் பந்தல் போட்டனர். தென்னங்கீற்றைக் கிழித்துத் தோரணம் கட்டினர். பெண்கள் கூடி மசாலை அரைத்தனர், காய்கறி நறுக்கினர். அண்டை அயலாரே பந்தி பரிமாறினர்.

விருந்துக்கு வந்தவர்கள் மொய் எழுதினர். இன்று ஒருவர் ஐந்து வெள்ளி எழுதினால், நாளை அவர் வீட்டு விசேஷத்தில் அத்தொகை திரும்பிச் சென்றது. உழைப்பும் அவ்வாறே கைம்மாறாகத் திரும்பியது. எனவே, நூற்றுக்கணக்கானோர் உண்ட விருந்தும் ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் சுமையாக விழவில்லை.

நாடு விடுதலை அடைந்த பிறகு பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. சில நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். இதனால், ஒன்றாக வாழ்ந்த உறவுகள் பல திசைகளில் சிதறின. பந்தல் போட்ட கைகளும் சமைத்த கைகளும் இப்போது அருகில் இல்லை. முன்பு உறவினர் செய்த வேலைகளை இன்று மண்டபத்தாரும் உணவு வழங்குநரும் அலங்காரக் கலைஞரும் கூலிக்குச் செய்கின்றனர். ஆகவே, திருமணச் செலவு கூடியதற்கு ஆடம்பர ஆசை மட்டுமே காரணம் அன்று.

எனினும், ஆசைக்கும் பங்குண்டு. தோட்டத்தில் வறுமையோடு வளர்ந்த பெற்றோர், தம் பிள்ளையின் திருமணத்தையாவது ஊர் மெச்ச நடத்த விரும்புவது இயல்பே. சிதறிய உறவுகளை ஒரே நாளில் ஒன்றுசேர்க்கும் வாய்ப்பும் திருமணத்தில்தான் கிடைக்கிறது. நாதஸ்வர வித்துவான், பூக்கட்டுபவர், சமையற்காரர் எனப் பலருக்கு அது வருமானத்தையும் அளிக்கிறது. வசதி உள்ளவர் தம் சேமிப்பிலிருந்து செலவு செய்வதில் குற்றமில்லை. கடன் வாங்கிப் பிறரோடு போட்டியிடும்போதே சிக்கல் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஓர் இளைஞர் திருமணத்திற்காக 30,000 ரிங்கிட் கடன் பெறுகிறார் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 8 விழுக்காடு நிலையான வட்டி. தவணைக் காலம் 5 ஆண்டுகள். வட்டி மட்டும் 12,000 ரிங்கிட் ஆகும். அவர் திருப்பிச் செலுத்த வேண்டிய மொத்தத் தொகை 42,000 ரிங்கிட். மாதத் தவணை 700 ரிங்கிட். 2025ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அச்சம்பளம் பெறுபவர், ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கடனுக்கே கொடுக்க நேரும். முதல் குழந்தை பிறந்த பின்னும் பெற்றோரின் திருமணக் கடன் தீர்ந்திராமல் போகலாம். உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம் சிக்கினால் துன்பம் இன்னும் பெருகும்.

எளிய திருமணம் தமிழர்களுக்குப் புதியதன்று. 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வருகை தந்த பெரியார் ஈ.வெ.ரா., வீண் சடங்குகளையும் வீண் செலவுகளையும் தவிர்க்குமாறு வலியுறுத்தி வந்தவர். அவருடைய இயக்கம் பரப்பிய சுயமரியாதைத் திருமணத்திற்குத் தமிழ்நாட்டில் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967ஆம் ஆண்டில் சட்ட ஏற்பு அளிக்கப்பட்டது. அதேவேளையில், சமயச் சடங்குகளை விரும்புவோரும் எளிமையைக் கடைப்பிடிக்கலாம். கோயிலில் தாலி கட்டி, நெருங்கிய உறவினருக்கு மட்டும் விருந்தளிக்கும் வழக்கம் என்றும் உண்டு. 2020ஆம் ஆண்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், பல திருமணங்கள் மிகச் சிலர் முன்னிலையில் நடந்தேறின. அவற்றின் புனிதம் சற்றும் குறைந்துவிடவில்லை.

மலேசியச் சட்டமும் திருமணத்தின் பகட்டைக் கருதுவதில்லை. 1976ஆம் ஆண்டுத் திருமணம், மணவிலக்குச் சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. அதன்படி முஸ்லிம் அல்லாதார் தங்கள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஆயிரம் பேருக்கு விருந்து வைத்தாலும், பதிவு செய்யாவிட்டால் பின்னாளில் கணவன் மனைவி என்னும் உரிமைகளை நிலைநாட்டுவது கடினமாகிவிடும்.

ஆகவே, மணமக்களும் பெற்றோரும் மண்டபம் பார்க்கச் செல்வதற்கு முன் ஒன்றாக அமர்ந்து கணக்கிட வேண்டும். கையில் உள்ள சேமிப்பு எவ்வளவு, திருமணத்திற்குப் பிந்திய ஓராண்டுக்குத் தேவையான வீட்டுச் செலவு எவ்வளவு என்பதை முதலில் எழுதலாம். எஞ்சிய தொகைக்கேற்ப விருந்தினர் பட்டியலை அமைக்கலாம். மொய்ப் பணத்தை நம்பிக் கடன் வாங்குவதைத் தவிர்க்க வேண்டும். பழைய தோட்டத்து வழக்கத்தைப் பின்பற்றி உறவினர்களும் நண்பர்களும் வேலைகளைப் பகிர்ந்துகொண்டால் செலவு குறையும், உறவும் வலுப்பெறும். விரலுக்குத் தகுந்த வீக்கமே நன்று. விருந்தின் பெருமை ஒரு நாளில் முடிந்துவிடும். கடனற்ற தொடக்கமோ மணமக்களுக்கு நெடுநாள் துணை நிற்கும்.