உலர்பனியால் இயந்திரங்களைத் துலக்குதல்

கரி பிடித்த பாத்திரத்தை மணலும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பது நம் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம். கரி போகும், ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லப் பாத்திரமும் தேயும். தொழிற்சாலை இயந்திரங்களின்மீது மணலை அழுத்தக் காற்றினால் வீசித் துலக்கும் முறையிலும் இதே நன்மையும் இதே தீமையும் உண்டு. மணலுக்குப் பதிலாக உலர்பனியை வீசும் முறை இப்பொழுது பல தொழில்களில் வழங்கி வருகிறது. விசைத்தறிக் கூடமும் சாயச்சாலையும் எண்ணெய் ஆலையும் நடத்தும் சங்கங்கள், இதனை நாமும் அமர்த்தலாமா என்று எண்ணுதல் இயல்பே. ஆதலின் இம்முறை யாது, எதற்கு உதவும், எவ்விடத்தில் உயிருக்கே அபாயமாகும் என்பவற்றை விளக்க முற்படுகிறோம்.

உலர்பனி என்பது நீர் உறைந்த பனிக்கட்டி அன்று. நாம் மூச்சில் வெளிவிடும் கரியமிலவாயுவே உறைந்து திடப்பொருளானது. அதன் உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 78.5 டிகிரி சென்டிகிரேட். திறந்து வைத்த கற்பூரம் நீராக உருகாமலே தேய்ந்து மறைவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? உலர்பனியும் அவ்விதமே நேரே வாயுவாகிவிடும். ஈரத்தை விட்டுச் செல்லாது. இப்பொருளை 1835-இல் திலோரியே என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டறிந்து வெளியிட்டார். இன்று இதற்கு வேண்டிய வாயுவை உரத் தொழிற்சாலைகளிலிருந்தும் வடிசாலைகளிலிருந்தும் பெறுகின்றனர். கரும்பு பயிரிடும் அன்பர்களுக்கு இது அந்நியமான செய்தி அன்று. சர்க்கரைப்பாகின் கழிவு நொதிக்கும்பொழுது, சாராயம் எவ்வளவு எடை உண்டாகிறதோ ஏறத்தாழ அவ்வளவு எடை கரியமிலவாயுவும் உண்டாகிறது. அதனைப் பிடித்துத் தூய்மை செய்து அழுத்தினால் உலர்பனிக்கு மூலப்பொருள் கிடைத்துவிடுகிறது.

துலக்கும் வேலைக்கு இப்பனியை அரிசிமணி போன்ற, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பருமனுள்ள குருணைகளாகச் செய்கின்றனர். பொறியிலுள்ள தொட்டியில் அவற்றைக் கொட்டினால், அழுத்தக் காற்று அவற்றை ஒரு குழாய் வழியே ஈர்த்துச் சென்று முனையின் வாயிலாக மிகுந்த வேகத்துடன் எறிகிறது. அப்பொழுது மூன்று செயல்கள் ஒருங்கே நிகழ்கின்றன. குருணை மோதும் விசை அழுக்கைத் தளர்த்துகிறது. கடுங்குளிர் தாக்கியதும் அழுக்கு சுருங்கி வெடிப்புறுகிறது. அடியிலுள்ள உலோகமோ அதே அளவு சுருங்குவதில்லை. எனவே இரண்டுக்குமுள்ள பற்று விட்டுப்போகிறது. வெடிப்பினுள் புகுந்த பனி கணநேரத்தில் வாயுவாகிப் பல நூறு மடங்கு விரிந்து, அழுக்கை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. குருணையின் கடினம் மிகக் குறைவு. ஆகையால் எஃகு தேய்வதில்லை. விமானங்களின் வர்ணத்தை உரிப்பதற்காக அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனத்தார் 1970-களில் இம்முறையை ஆராய்ந்தனர். 1977-இல் இதற்குக் காப்புரிமையும் பெற்றனர்.

இதன் அருமையை நன்கு காட்டுவது டயர்த் தொழில். டயரைச் சூட்டில் பதப்படுத்தும் அச்சின் உட்புறத்தில் ரப்பர்ப் பிசின் நாளடைவில் படிந்து, டயரின் கோலம் மங்கும். முன்பெல்லாம் அச்சைக் கழற்றி, ஆறவைத்து, மணலோ கண்ணாடி மணியோ வீசித் துலக்கி, மீண்டும் பூட்டிச் சூடேற்றினர். வேலை நேரம் வீணானதோடு அச்சின் கூரிய விளிம்புகளும் மழுங்கின. காற்றுப் போகும் நுண்துளைகளில் மணல் அடைந்தது. உலர்பனியினால் அச்சைக் கழற்றாமலே, சூடாக இருக்கும்பொழுதே துலக்கிவிடலாம். சூடு இருப்பது இங்கே தடையன்று, துணையே. சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள வேற்றுமை மிகுந்தால் பிசின் விரைவில் விட்டுப்போகும்.

நம் தொழில்களில், துணி உலர்த்தும் பொறிகளின் சங்கிலியில் பஞ்சும் பிசினும் சேர்ந்து இறுகியிருத்தல், எண்ணெய் ஆலையின் இரும்புப் பகுதிகளில் மசகு கட்டிப்பட்டிருத்தல் போன்ற இடங்களுக்கு இம்முறை ஏற்றது. நீர் படக்கூடாத மின்பொறிகளுக்கும் கையாளுகின்றனர். ஆயினும் நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. குளிர்ந்த உலோகத்தின்மீது அந்த ஈரம் வியர்த்துப் படியும். அது முற்றும் உலர்ந்த பின்னரே மின்சாரம் செலுத்த வேண்டும். ஆழப் பிடித்த துருவுக்கு இது பயன்படாது. வெறும் பஞ்சுத்தூசிக்கு உறிஞ்சு பொறியே போதும். கைத்தறிக்கோ நல்ல தூரிகையும் எண்ணெய்த் துணியும் இருக்க, இச்செலவு எதற்கு?

பனி மறையுமேயன்றி அழுக்கு மறைவதில்லை. உரிந்தது தரையிலும் அக்கம்பக்கத்துப் பொறிகளின்மீதும் சிதறிக் கிடக்கும். அதைக் கூட்டி அள்ளும் வேலை உண்டு. பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருந்தால் அத்தூள் நஞ்சு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். ஒரு கிலோ உலர்பனி ஏறத்தாழ 550 லிட்டர் கரியமிலவாயுவாகிறது. 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு 120 கன மீட்டர். எட்டு மணி நேர வேலைக்கு வகுத்துள்ள எல்லை நூற்றுக்கு அரைப் பங்கு வாயு. நூற்றுக்கு 4 பங்கு உயிருக்கு உடனடி அபாயம். கதவுகளை அடைத்துவிட்டால், சற்றேறக்குறைய ஒரு கிலோ பனியே முதல் எல்லையை எட்டச் செய்யும். ஒன்பது கிலோ இரண்டாம் எல்லையை எட்டச் செய்யும். துலக்கும் பொறியோ மணிக்கு 30 கிலோவும் அதற்கு மேலும் செலவழிக்கவல்லது! 2020-இல் மாஸ்கோ நகரில் ஒரு விருந்தின்போது, உள்ளரங்க நீச்சல் குளத்தில் உலர்பனியைக் கொட்டியதால் மூவர் மாண்டனர். அங்கே எவரும் எந்தப் பொறியையும் இயக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பள்ளங்களிலும் இயந்திரக் குழிகளிலும் தொட்டிகளிலும் தேங்கி நிற்கும். கிணற்றில் இறங்குமுன் விளக்கை விட்டுப் பார்ப்பது நம் விவசாயிகள் அறிந்த பழக்கம். இங்கே அதை நம்புதல் கூடாது. நூற்றுக்கு 4 பங்கு வாயுவில் மனிதனுக்கு மூச்சு இரைக்கும், தலை வலிக்கும், தள்ளாடும், விளக்கோ எரிந்துகொண்டிருக்கும். பிராணவாயுவை மட்டும் அளக்கும் கருவியும் போதாது. கரியமிலவாயுவையே அளக்கும் கருவி வேலை செய்பவரின் உடலில் இருத்தல் வேண்டும். எதிரெதிர்க் கதவுகளைத் திறந்து, தரை மட்டத்திலிருந்து காற்றை வெளியேற்றும் விசிறி வைக்க வேண்டும். காற்றழுத்தி அவ்வறையின் காற்றையே உறிஞ்சுமாறு வைத்தல் தவறு. குழியில் ஒருவர் விழுந்துவிட்டால், மூச்சுக் கருவி இன்றி மற்றவர் இறங்கலாகாது; இரக்கத்தால் இறங்கியவரும் உடன் மாள்வதே இத்தகைய விபத்துகளின் இயல்பு.

வெறுங்கையால் குருணையைத் தொட்டால் நெருப்புச் சுட்டதுபோல் தோல் புண்ணாகும். முனையின் இரைச்சலுக்குக் காதுகாப்பு இன்றியமையாதது. வீசும்பொழுது நிலைமின்சாரம் உண்டாவதால் பொறியையும் துலக்கும் பொருளையும் தரையுடன் கம்பியால் இணைக்க வேண்டும். பஞ்சு உள்ள இடத்தில் இதைச் சிறிதும் தளர்த்தலாகாது. காற்றுப் புகாத பாத்திரத்தில் பனியை மூடி வைத்தால் பாத்திரம் வெடிக்கும்.

சங்கம் சொந்தமாகப் பொறி வாங்க வேண்டுமா? வேண்டா என்பதே எமது கருத்து. டயருக்குக் காற்றடிக்கும் சிறு காற்றழுத்தி இதற்குப் பற்றாது. பெரியதன் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். குருணையும் நாள்தோறும் தேய்ந்து, ஈரம் கவர்ந்து கட்டியாகிவிடும். சேமித்து வைத்துச் சிறுகச் சிறுகச் செலவிட இயலாது. அண்டைச் சங்கங்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே வாரத்தில் வேலையை வகுத்துக்கொண்டு வாடகைக்கு அமர்த்தினால், வந்த பனி வீணாகாது. ஒப்பந்தம் எழுதுமுன், வாயு அளக்கும் கருவியைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். அதைக் கொணராதவர் எவ்வளவு குறைந்த கூலி கேட்டாலும், கூடத்தின் சாவியை அவரிடம் கொடுக்க வேண்டா.