விமான உதிரிபாகம் வாங்கும் வேலை டு பாப் பாடகி... சுவிஸ் தமிழ்ப் பெண் பிரியா ரகுவின் பாட்டுப் பயணம்!

திருவிழா சீசன் வந்துவிட்டால் எங்கள் திருப்பத்தூர் பக்கம் இன்னிசைக் கச்சேரி இல்லாத ஊரே இருக்காது. கீபோர்டு, ரிதம் பேடு, விடிய விடிய சினிமா பாட்டு, மேடைக்கு முன்னால் குட்டீஸ் ஆட்டம்... அப்படியொரு மேடையை சுவிட்சர்லாந்தில் கற்பனை செய்து பாருங்கள். பிரியா ரகு என்ற பாப் பாடகி பாட ஆரம்பித்தது அங்கேதான்!

இலங்கைப் போர்ச் சூழலால் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம். பிரியா பிறந்தது சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகரில். அப்பா, தமிழர் விழாக்களில் சினிமா பாடல்கள் வாசிக்கும் இசைக்குழு வைத்திருந்தார். அதில் சின்ன வயதிலேயே பிரியாவும் அவர் சகோதரரும் சேர்ந்துகொண்டார்கள்.

வீட்டில் ஒன்று... காதில் ஒன்று!

வீட்டில் தமிழ்ப் பாட்டு. பிரியாவின் மனசை இழுத்ததோ லாரின் ஹில், பிராண்டி, அலிசியா கீஸ் ஆகியோரின் ஆர் அண்ட் பி பாட்டு. விழாவில் மகள் பாடினால் பெற்றோருக்குப் பெருமை. அதையே தொழிலாக எடுப்பதென்றால் பயம். நம் வீடுகளிலும் இதுதானே கதை?

அதனால் மாதச் சம்பளம்தான் முதலில். விமான நிறுவனத்தில் உதிரிபாகங்கள் வாங்கும் பிரிவில் வேலை. வேலை பிடித்திருந்தாலும், பாட்டு விடவில்லை. 2017-ல், முப்பதைத் தொட்ட வயதில், துணிந்து நியூயார்க் கிளம்பினார். சில மாதங்கள் அங்கே தங்கி, பாட்டு எழுதுவது மட்டுமே வேலை. ‘ஜாஃப்னா கோல்ட்’ என்ற பெயரில் இசையமைக்கும் சகோதரர், தூரத்தில் இருந்தபடியே கைகொடுத்தார். பெயரிலேயே யாழ்ப்பாணம் இருக்கிறது, கவனித்தீர்களா?

திரும்பி வந்த பிறகு மறுபடி அலுவலகம். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமலேயே இருவரும் சேர்ந்து பாடல்களை வெளியிட்டார்கள். 2020-ல் ‘குட் லவ் 2.0’ பாட்டு, ஃபிஃபா 21 வீடியோ கேமில் இடம்பிடித்தது. கேம் விளையாடிய பிள்ளைகள் காதில் எல்லாம் பிரியாவின் குரல்! வார்னர் நிறுவனத்தின் ஒப்பந்தமும் தேடி வந்தது.

‘அட, இவ தமிழா!’

2021-ல் வந்த பாடல் தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் ‘டேம் ஷீஸ் தமிழ்’. ‘அட, இவ தமிழா!’ என்று நாம் சொல்வோமே, அதேதான். அதிலிருக்கும் ‘சிக்கன் லெமன் ரைஸ்’ பாட்டின் பெயரிலேயே நம்ம வீட்டு வாசனை. ‘கமலி’ பாட்டு, மாமல்லபுரத்தில் ஸ்கேட்டிங் பலகையில் பறக்கும் சிறுமியைப் பற்றிய ஆவணப்படம் பார்த்துப் பிறந்தது. 2023-ல் வந்த முழு ஆல்பத்தின் பெயரோ தமிழிலேயே, ‘சந்தோசம்’.

சின்ன வயதில் வீட்டுக்கு ஒன்று, வெளியே ஒன்று என்று பிரித்து வைத்த இரண்டு இசையையும் ஒரே பாட்டில் சேர்த்தபோதுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அதற்கு முப்பது வயதைத் தாண்ட வேண்டியிருந்தது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அடுத்த திருவிழாக் கச்சேரியில் உங்கள் வீட்டுக் குட்டி மைக் கேட்டு அடம்பிடித்தால், கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன்!