பொத்தானில் ஒரு வினைச்சொல்: பயணிக்கும் வடிவமைப்பாளரும் கெடாத் தமிழரும்

மலேசிய மின்னிலக்கப் பொருளாதாரக் கழகம் 2022 அக்டோபர் 1 முதல் புதுவகை அனுமதி ஒன்றுக்கு விண்ணப்பங்களைப் பெறத் தொடங்கியது. அதற்குரிய திட்டத்தின் பெயர் 'டீ ரந்தாவ்'. அயல்நாட்டிலிருந்து வந்து, கணினி வழியே தொலைவிலுள்ள நிறுவனத்துக்குப் பணிபுரிந்து, ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் ஈட்டும் மின்னிலக்கத் துறையினர் இந்நாட்டில் மூன்று முதல் பன்னிரண்டு திங்கள் வரை தங்கலாம். பின்னர் மேலும் பன்னிரண்டு திங்கள் நீட்டித்துக்கொள்ளலாம். நிரல் எழுதுவோர், தரவு ஆய்வோர் முதலியோருடன் பயனர் அனுபவ வடிவமைப்பாளருக்கும் அப்பட்டியலில் இடம் உண்டு. கெடா மாநிலத்தின் லங்காவித் தீவு அவர்களை வரவேற்கும் இடங்களுள் ஒன்று. நூறாண்டுக்கு முன் இதே கெடாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழரிடம் எவரும் வருமானச் சான்று கேட்கவில்லை. கங்காணியின் சொல்லே அவர்க்குப் போதுமானதாயிருந்தது. பயணம் என்னும் ஒரே சொல்லால் இவ்விரு வருகைகளையும் குறிப்பது பொருந்துமா என்பது தனி வினா.

சொல்லைப் பற்றியே சிறிது நோக்குவோம். மலாய்மொழியில் 'ரந்தாவ்' என்பது கரையோரப் பகுதியையும் ஆற்றின் நீண்ட நேர்ப்பகுதியையும் குறிக்கும். அதனடியாகப் பிறந்த 'மெரந்தாவ்' என்னும் வினை, பிறந்த ஊரை நீங்கிப் பொருளும் பட்டறிவும் தேடிச் செல்லுதலைச் சுட்டும். சுமத்திராவின் மினாங்கபாவ் மக்களிடையே அஃது இளைஞர்க்குரிய மரபு. ஆங்கிலத்தில் 'டிஜிட்டல் நோமட்' என்ற தொடரைத் தலைப்பாகக் கொண்டு மாக்கிமோட்டோ, மேனர்ஸ் என்னும் இருவர் 1997இல் நூலொன்று எழுதினர். அதனை நம் நாளேடுகள் 'மின்னிலக்க நாடோடி' எனப் பெயர்க்கின்றன. 'நாடோடிப் பாடல்' என்று நாம் சொல்லியபோது இழிபொருள் இருந்ததில்லை. இன்றோ 'நாடோடி' என்றவுடன் நிலையற்றவன் என்னும் குறிப்பு முந்திக்கொள்கிறது. சங்கப் புலவரின் வழக்கு வேறு. தமிழ் வழங்கும் எல்லைக்கு அப்பாற்பட்ட நிலத்தை அவர்கள் 'மொழிபெயர் தேயம்' என்றனர். கடந்த தொலைவைக் கொண்டு அயல்நாட்டை அவர்கள் அளக்கவில்லை. மொழி மாறும் இடமே அவர்க்கு எல்லை. பயணிக்கும் வடிவமைப்பாளரின் தொழிலை விளக்க இச்சொல்லே நமக்கு மிகவும் பயன்படும்.

அத்தொழில்தான் யாது? கருவி ஒன்றைக் கையாளும் மனிதர்க்கு அது விளங்குகிறதா, எங்கே தயங்குகிறார், எங்கே எரிச்சலுறுகிறார் என்று ஆய்ந்து, அதற்கேற்பத் திரையையும் சொல்லையும் படிமுறையையும் அமைப்பதே பயனர் அனுபவ வடிவமைப்பு. உளவியலறிஞர் டொனால்ட் நார்மன் 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது தம் பதவிப் பெயரிலேயே இத்தொடரைச் சேர்த்துக்கொண்டார். அதன்பின் அது பரவியது. முதலில் பயனரிடம் பேசுதல், பிறகு கோட்டுருவம் வரைதல், பிறகு தொட்டுப் பார்க்கத்தக்க முன்மாதிரி செய்தல், பிறகு அதனை மீண்டும் பயனர் கையில் கொடுத்துப் பார்த்தல் எனப் பணி சுழலும். ஒரே வரைவை இணையத்தில் பலர் ஒருங்கே திருத்த இடந்தரும் ஃபிக்மா போன்ற கருவிகள் 2016க்குப் பின் பரவவே, வரைபவர் எவ்வூரில் இருக்கிறார் என்னும் வினா பொருளற்றதாயிற்று. லண்டனில் காலை ஒன்பது மணி என்றால் லங்காவியில் மாலை ஐந்து. அங்குக் கோடைக்காலமாயின் நான்கு. எனவே லண்டன் நிறுவனத்துக்கு உழைப்பவர்க்குக் கூட்டங்களெல்லாம் மாலையில் வரும்; முற்பகல் அவருடையது. பீடோங்கிலோ சுங்கைப்பட்டாணியிலோ பெற்றோர் வீட்டிலிருந்து கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ பணிபுரியும் நம் இளைஞர்க்கு இவ்வனுமதிச் சீட்டு வேண்டுவதில்லை. தொழில்முறை மட்டும் ஒன்றே.

கோட்டுருவத்தை எங்கிருந்தும் வரையலாம். பயனரிடம் பேசுவதை எங்கிருந்தும் செய்ய இயலுமா? அயலாரின் திரைக்குத் தமிழ்ச்சொல் வைக்கும்போது இவ்வினா கூர்மையடைகிறது.

ஒரு காலத்தில் நம் இடர்ப்பாடு எழுத்தாக இருந்தது. 247 எழுத்துகளைக் கணினியில் எவ்வாறு ஏற்றுவது என்பதே அன்றைய பேச்சு. 1991இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியிலேயே 'முரசு' மென்பொருளில் உழைக்கத் தொடங்கினார். கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்பத் துணைசெய்யும் 'செல்லினம்' 2005இல் வந்தது. ஆப்பிள் கணினிகளில் 'தமிழ் எம்.என்.' என்று காணும் எழுத்துருவின் பின்னொட்டு அவர் பெயரின் முதலெழுத்துகளே. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியபோது பேசப்பட்ட சிக்கல்கள் பலவற்றுக்கு இன்று தீர்வு உண்டு. எழுத்து திரையில் தோன்றுகிறது. தோன்றிய சொல் எவருடைய சொல் என்பதே இனி நம் வினா.

கெடாத் தோட்டங்களின் சொல்வளத்தை எடுத்துக்கொள்வோம். ரப்பர் அங்கே 'கித்தா'. மலாய் 'கெத்தா' தமிழர் வாயில் அவ்வாறாயிற்று. விடியலில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்தல் 'பெரட்டு'. ஆங்கிலப் 'பரேடு' என்பதன் திரிபு. எழுத்தர் 'கிராணி'. பாதை 'சடக்கு'. மலாய்க் 'கம்போங்' என்பது 'கம்பம்' ஆயிற்று. ரிங்கிட் இன்றும் பேச்சில் 'வெள்ளி'தான். உணவுண்டீர்களா என்பதைப் 'பசியாறினீங்களா' என்றே வினவுவர். 'சுங்கை பெத்தானி' என்னும் உழவர் ஆறு, தமிழ்ச்செவியில் பட்டாணியாகவே முளைத்துவிட்டது! இச்சொற்களை எந்த மன்றமும் ஆக்கித் தரவில்லை. துரையின் ஆங்கிலத்துக்கும் தொழிலாளியின் தமிழுக்கும் இடையே நின்ற கங்காணியும் கிராணியுமே அன்றைய இடைமுகம். அந்த இடைமுகத்தைக் கையாண்ட மக்கள் தமக்கு வேண்டிய பெயர்களைத் தாமே செய்துகொண்டனர்.

இன்று வேறோர் ஊரில் அமர்ந்து அகராதியை நோக்கித் தமிழ்ப்படுத்துவோர் 'சமர்ப்பி' என்று ஒரு பொத்தானில் எழுதுகிறார். கோயிலுக்குக் காணிக்கை சமர்ப்பித்துப் பழகிய முதியவர், உதவித்தொகை விண்ணப்பத்தை எவருக்குச் சமர்ப்பிப்பது என்று திகைக்கிறார். 'அனுப்பு' போதும். ஊழியர் சேமநிதி வாரியம் 2024 மே 11 முதல் 55 வயதுக்குட்பட்டோர் சேமிப்பை மூன்று கணக்குகளாக்கி, அவற்றுக்குப் பெர்சாரான், செஜாத்தெரா, ஃபிளெக்சிபல் எனப் பெயரிட்டது. செஜாத்தெரா என்பதை 'நல்வாழ்வு' எனத் தமிழாக்கினால் குற்றமில்லை. ஆயினும் உறுப்பினர் தேடுவது 'ரெண்டாவது கணக்கு'. திரையில் அந்த எண்ணும் உடனிருந்தால் தேடுவோர் கண்டடைவர்.

சொல்லினும் நுட்பமானது வினைமுற்று. ஆங்கிலப் பொத்தானில் எழுதப்படும் 'செண்ட்' என்பதற்கு முன்னிலையும் மதிப்பும் இல்லை. பயனர் பொறியை ஏவுகிறாரா, பொறி பயனரை ஏவுகிறதா என்று அது காட்டுவதும் இல்லை. தமிழில் தப்ப வழியில்லை. 'அனுப்பு' என்றால் ஏவல் ஒருமை; 'அனுப்புக' என்றால் வியங்கோள்; 'அனுப்புங்கள்' என்றால் மதிப்புப் பன்மை; 'அனுப்பவும்' என்றால் அலுவலக அறிவிப்பு. எதனைக் கொள்வது? பொத்தானைத் தொடுபவர் பயனர். ஆகவே அங்கே பேசுபவரும் அவரே, கேட்பது பொறி. அவர் பொறியை ஒருமையில் 'அனுப்பு' என்று ஏவுவது முறையே. ஆனால் 'உங்கள் எண்ணை எழுதுங்கள்' என்னும் குறிப்பில் பேசுவது பொறி. அங்கே மதிப்புப் பன்மை இன்றியமையாதது. இவ்வேறுபாட்டை அறியாது, எல்லாவற்றையும் ஒரே வாய்பாட்டில் பெயர்க்கும்போது 'உன் எண்ணை எழுது' என்று திரை ஆணையிடுகிறது.

இது சிறு குற்றமன்று. தோட்டத்தில் முதியோர் பலர் வாழ்நாளெல்லாம் ஒருமையில் ஏவப்பட்டவர்கள். வயதில் இளைய கிராணியும் 'வா', 'போ' என்றே அழைத்த காலம் ஒன்றிருந்தது. அவர்தம் பேரப்பிள்ளை வாங்கித் தந்த கைப்பேசியும் அதே குரலில் பேசுமாயின், தமிழ் என்னும் தெரிவே அவருக்குக் கசக்கும். மலாய்த் திரை அவரை அவ்வாறு புண்படுத்துவதில்லை. ஏனெனில் மலாய் வினையில் இந்த ஒருமை பன்மை வேறுபாடு இல்லை. தமிழ்த்திரை தமிழருக்கு மலாய்த்திரையைவிட அயலாகத் தோன்ற இவ்வொரு விகுதி போதும்.

வேற்றுமை உருபும் இவ்வாறே வடிவமைப்பாளரை மடக்கும். செயலிகள் வெற்றிடம் விட்ட தொடர்களால் ஆனவை: ஊர்ப்பெயர் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, அதன் பின்னே 'இல்' என்று எழுதிவைப்பர். ஆங்கிலத்தில் 'இன்' என்னும் சொல் தனியே நிற்பதால் இடர் இல்லை. தமிழில் உருபு பெயரோடு புணரும். பீடோங் 'பீடோங்கில்' ஆகும். சுங்கைப்பட்டாணி யகர உடம்படுமெய் பெறும். லூனாஸ் 'லூனாசில்' ஆகும். கூலிம் 'கூலிமில்' ஆகும்; ஆனால் அதைப்போல் மகரத்தில் முடியும் கடாரமோ 'கடாரத்தில்' என அத்துச் சாரியை பெறும். பொறி இவற்றை அறியாது 'பீடோங்இல்', 'சுங்கைப்பட்டாணிஇல்' என ஒட்டி வைக்கிறது. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் இதனைக் கண்டு நகைப்பார். திருத்துவதோ எளிது: தொடரை விடுத்து 'ஊர்: பீடோங்' என்று அமைத்தால் உருபே வேண்டா. ஆனால் தொடர் அமைக்கும்போதே தமிழறிந்த ஒருவர் உடனிருந்தால்தான் இத்திருத்தம் இயலும்; வரைவெல்லாம் முடிந்தபின் மொழிபெயர்ப்பாளரிடம் வெறும் சொற்பட்டியலை அனுப்புவோர்க்கு அது வாய்ப்பதில்லை.

தமிழ் தரும் எளிமைகளும் உண்டு. பணம் அனுப்பியவர் ஆணா பெண்ணா என்று அறியாதபோதும் 'அனுப்பியுள்ளார்' என்னும் ஒரே முற்று இருவர்க்கும் மதிப்போடு பொருந்தும். கடையோ நிறுவனமோ அனுப்பினால் மட்டும் 'அனுப்பியுள்ளது' வேண்டும். பல ஐரோப்பிய மொழிகளின் வடிவமைப்பாளர் இதற்குப் பெரிதும் இடர்ப்படுவர்.

எனவே பயணிக்கும் வடிவமைப்பாளரைத் தொலைவிலிருப்பவர் என்பதற்காக நாம் குறைகூறுவதில்லை. கோலாலம்பூரின் உயர்மாடியில் நிலையாக அமர்ந்திருப்பவரும் பாடாங் செராயின் முதியவளுக்குத் தொலைவிலேயே இருக்கிறார். பயணிப்பவருக்கு ஒரு நன்மைகூட உண்டு: முற்பகல் ஓய்வு. பால்வெட்டு முடிந்து தொழிலாளர் திரும்பும் நேரமும் அதுவே. லங்காவியின் கடற்கரை உணவகத்தை விட்டுக் கோலக் கெடாவுக்குப் படகேறி வந்தால், மொழி மாறும் எல்லையை அவர் உண்மையில் கடக்கலாம். வாராமல், படம் மட்டும் எடுத்துச் செல்பவர் ரந்தாவில் இருக்கிறாரேயன்றி மெரந்தாவ் செய்யவில்லை என்போம்.

இதில் இழப்புக்குள்ளாவது என்ன என்பதையும் ஆசிரியர்கள் கருதவேண்டும். முதியவர் தமிழ்த்திரையில் தடுமாறிக் கைப்பேசியைப் பேத்தியிடம் நீட்டுகிறார். பேத்தி தமிழ்ப்பள்ளி மாணவியே. எனினும் விரைவு கருதி மொழியை மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றி முடித்துத் தருகிறாள். நிறுவனத்தின் கணக்கில் தமிழைத் தெரிந்தெடுத்தோர் ஒருவர் குறைகிறார். அவ்வாறு குறைந்துகொண்டே வந்தால், அடுத்த பதிப்பில் தமிழ் வேண்டுமா என்று செலவு பார்ப்பவர் கேட்பார். இந்நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளை வைத்துக்கொண்டு, பணம் செலுத்தவும் மருத்துவரிடம் நேரம் பெறவும் தமிழ் உதவாது என்னும் எண்ணத்தை நாமே பிள்ளைகளிடம் வளர்க்கிறோமா? மேடையில் வாழ்த்தப்படும் மொழி திரையில் தொடப்படாமல் போவதற்கு இத்துணைச் சிறு காரணங்கள் போதும்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி கூறுவோம். பயனாக்க அறிஞர் யாக்கோபு நீல்சன், ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று 2000இல் எழுதினார். ஐந்து முதியோரைக் கண்டறிவது எந்தத் தமிழ்ப்பள்ளி மாணவர்க்கும் அரிதன்று. தமிழ்த்தெரிவு உடைய செயலி ஒன்றைத் திறந்து அவர் கையில் கொடுங்கள், உதவ முந்தாதீர்கள், வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் நின்றார், அதற்கு அவர் என்ன சொல் சொன்னார் என்னும் இரண்டையும் ஒரு ஏட்டில் எதிரெதிரே எழுதுங்கள். இடப்பக்கத்துச் சொல் பெரும்பாலும் அகராதியில் இருக்கும். வலப்பக்கத்துச் சொற்களுள் சில எந்த அகராதியிலும் இரா. அவற்றை ஆசிரியர் தொகுத்து மன்றத்துக்கு அனுப்பலாம், செயலியை ஆக்கிய நிறுவனத்துக்கும் ஒரு படி அனுப்பலாம்.