சொறி பெருகும் கடல்கள்

இழுது மீனுக்கு மூளை இல்லை, இதயம் இல்லை, எலும்பும் இல்லை. உடலில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர். பவளங்களின் உறவான இந்த உயிரினம் 50 கோடி ஆண்டுகளாகக் கடலில் நிலைத்திருக்கிறது. தமிழகக் கரையோரத்தில் இதைச் சொறி என்பார்கள். வலை நிறைய சொறி ஏறினால் அன்றைய பாடு பாழ்.

குடை விரித்து மிதக்கும் உருவம் அதன் வாழ்க்கையில் ஒரு பாதிதான். முட்டையிலிருந்து வரும் இளம்புழு, பாறையோ சிப்பி ஓடோ துறைமுகத் தூணோ, கெட்டியான ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொண்டு சில மில்லிமீட்டர் உயரமுள்ள பாலிப்பாக மாறும். இணை இல்லாமலே இந்தப் பாலிப் தன்னைப் போலப் பலவற்றை உண்டாக்கும். தண்ணீரின் வெப்பநிலை மாறிப் பருவம் கூடிவந்ததும், அதன் உடலில் குறுக்கே வரிகள் விழும். அடுக்கி வைத்த தட்டுகள் போல ஆகும். பிறகு மேலிருந்து ஒவ்வொரு தட்டாகக் கழன்று, துடித்தபடி நீந்திப் போகும். ஒவ்வொன்றும் ஓர் இளம் இழுது மீன். நேற்று வெறிச்சோடியிருந்த கடலில் திடீரென்று கூட்டம் கூட்டமாக இவை தோன்றுவது இப்படித்தான்.

ஜப்பானியர் இதை நன்றாகப் பட்டு அறிந்தவர்கள். நொமுரா என்ற இனத்தின் குடை 2 மீட்டர் அகலம் வரை விரியும். எடை 200 கிலோவை எட்டும். சீனக் கரையோரத்தில் பிறந்து, நீரோட்டத்தோடு ஜப்பான் கடலுக்குள் வரும். 20ஆம் நூற்றாண்டில் 1920, 1958, 1995 என அபூர்வமாகவே பெருங்கூட்டமாக வந்தது. 2002க்குப் பிறகோ சில காலம் ஏறக்குறைய ஆண்டுதோறும் வந்தது. நிலைவலைகள் கிழிந்தன, கொடுக்கு பட்ட மீன்கள் விலை போகவில்லை. 2009இல் சிபா கரைக்கு அப்பால், இவை நிறைந்த வலையை இழுத்த 10 டன் படகு கவிழ்ந்தது. அதிலிருந்த மூவரும் மீட்கப்பட்டனர்.

காரணம் ஒன்றல்ல. இழுது மீன் தின்னும் அதே மிதவை உயிரிகளைத் தின்னும் மீன்களை மனிதர் அள்ளிவிட்டால் இரை மிஞ்சுகிறது. வயல் உரம் ஆற்று வழியே கடலில் சேர, பாசி பெருகி அழுகி, நீரில் ஆக்சிஜன் குறைகிறது. மீன்கள் மூச்சுத் திணறும் அந்த நீரிலும் இழுது மீன் தாக்குப்பிடிக்கும். துறைமுகச் சுவர்களும் மிதவை மேடைகளும் பாலிப்புக்குப் புதிய வீடுகள். வெப்பமாகும் கடல் சில இனங்களின் வளர்ச்சியை விரைவுபடுத்துகிறது. எல்லா இனங்களின் வளர்ச்சியையும் அல்ல.

நமீபியக் கடலில் மத்தி மீன்வளம் கண்மூடித்தனமான பிடிப்பால் சரிந்தது. 2003இல் அங்கே நடந்த கணக்கெடுப்பில் இழுது மீன் சுமார் 1.2 கோடி டன். மீன் 36 லட்சம் டன்தான். ஆனாலும் அந்தக் கடல் செத்துவிடவில்லை. கோபி என்ற சிறு மீன் இழுது மீனைத் தின்று பெருகியது. அந்தக் கோபியைப் பெரிய மீன்கள் தின்கின்றன. தோணியாமை இழுது மீனை நம்பியே வாழ்கிறது, சூரிய மீனும் அதைத் தின்னும். தமிழக, ஆந்திரக் கரைகளில்கூட உண்ணத்தகுந்த சில இனங்களை உப்பும் படிகாரமும் இட்டுப் பதப்படுத்தி, கிழக்காசியாவுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். மறுபக்கம், குளிர்விக்கும் கடல்நீரை உறிஞ்சும் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் சல்லடைகளில் இவை வந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. 2013இல் சுவீடனின் ஆஸ்கர்ஷாம் நிலையத்தில் ஓர் அணு உலையையே இதற்காக நிறுத்த வேண்டியிருந்தது.

உலகக் கடல்களையெல்லாம் இழுது மீன் பிடித்துக்கொள்ளும் என்ற பேச்சு மட்டும் மிகை. இவற்றின் எண்ணிக்கை சுமார் 20 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறது என்று 2013இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஏறுமுகத்தில் மட்டும் கணக்கெடுத்தால் பெருக்கம் போலத்தான் தெரியும். சில கடல்களில் பெருக்கம் மெய், சிலவற்றில் அது வழக்கமான ஏற்ற இறக்கம். பிரித்தறிய நீண்ட காலக் கணக்கு வேண்டும். பாலிப்புகள் இருக்குமிடமும் தெரிய வேண்டும். ஆனால் பெரும்பாலான இனங்களின் பாலிப்பை இயற்கைக் கடலில் இன்னும் எவரும் கண்டதில்லை.