ஆர்மோனியமும் அதன் கோளாறுகளும்

பாடகர் ஒருவர் தமது சுருதி ‘ஐந்து கட்டை’ என்று கூறும்போது ஆர்மோனியத்தின் கட்டையையே குறிக்கிறார். ‘ஸி’ எனும் வெள்ளைக் கட்டையிலிருந்து எண்ணினால் ஐந்தாவது என்பது பொருள். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றிய இக்கருவி, கல்கத்தாவில் கைத்துருத்திப் பெட்டியாக உருமாறி, நாடக மேடையிலும் பஜனைக் கூடத்திலும் தமிழரோடு ஒன்றிவிட்டது.

பியானோவின் கட்டை, சுத்தியலை ஏவித் தந்தியைத் தட்டும். விரலின் வேகத்திற்கேற்ப ஒலி மிகும். ஆர்மோனியக் கட்டையோ ஒரு கதவைத் திறக்கிறது, அவ்வளவே. முன்முனை தாழ, தோல் ஒட்டிய மூடி துளையை விட்டு எழும். துருத்திக் காற்று அவ்வழியே பாய்ந்து பித்தளை நாக்கை அதிரச் செய்யும். விரலை எடுத்ததும் கம்பிவில் மூடியை மீண்டும் அழுத்தும்.

காப்பார் போன்ற கடலோர ஊர்களில் இக்கருவிக்குப் பெரும்பகை காற்றின் ஈரமே. ஈரத்தால் மரம் உப்பும், கட்டை இறுகும், அழுத்திய கட்டை எழாது. உடனே கட்டையை இழைத்தல் தவறு. ஈரமற்ற அறையில் சில நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் தானே சீராகும். வெயிலில் வைக்கலாகாது, மரம் வெடிக்கும், பசை விடும்.

கோளாறு எங்கே என்பதை எவ்வாறு அறிவது? துருத்தியை நிரப்பி, முன்புறக் குமிழ்களை மூடுக. அப்போதும் காற்று விரைவில் தளர்ந்தால் துருத்தியின் மடிப்பிலோ இணைப்பிலோ ஒழுக்கு உண்டு. பின்னர்க் குமிழைத் திறக்குக. கட்டையைத் தொடாமலே ஒலி எழுந்தால் மூடி சரியாகப் பொருந்தவில்லை. தோலடியில் தூசி இருக்கலாம், வில் தளர்ந்திருக்கலாம். வில்லை முறுக்கினால் ஒழுக்கு நிற்கும். மிகுதியாக முறுக்கினால் விரல் களைக்கும். அண்டைக் கட்டைகளின் அழுத்தமே அதற்கு அளவுகோல்.

கட்டையை அழுத்தியும் ஒலி வராவிடில் நாக்கின் இடுக்கில் தூசி அடைந்திருக்கலாம். மெல்லிய காகிதத் துண்டை மெதுவாகச் செலுத்தினால் போதும்.

இத்தனைக்கும் பின்னரே சுருதியைக் கவனிக்க வேண்டும். நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். ஆனால் சுரண்டிய பித்தளை திரும்பி வாராது. தூசியால் வந்த பிழைக்கு நாக்கைச் சுரண்டியவர், தூசி நீங்கியதும் புதிய பிழையொன்றைக் காண்பார். கோயிலுக்கு இருப்பது ஒரே பெட்டியாயின், அந்த அவசரம் பஜனையையே நிறுத்திவிடும். ஆதலின் மீட்கக்கூடிய செயல்களை முதலில் செய்தல் வேண்டும். அரத்தை இறுதியிலேயே எடுத்தல் வேண்டும்.